மூன்றாவது ராகம்

ஒரு ராகத்தின் விலை பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். போன மாதம், தூத்துக்குடியில், ஒரு தேவாலயத்து அறுப்பின் பண்டிகை ஏலத்தில் படிந்த விலை. அன்றைக்கு ஒரு வாழைத்தார் மூவாயிரத்துக்கும், நொண்டிச் சேவல் ஒன்று நாலாயிரத்துக்கும் போயிருந்ததால், ராகத்துக்கு இது அதிகம் என்று யாரும் முணுமுணுக்கவில்லை. விளைச்சலைக் காணிக்கையாக வைப்பதும், அதையே ஏலம் விடுவதும், கடைத்தெருவில் அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவர்கள் அங்கே ஐயாயிரத்துக்குக் கை தூக்குவதும் அந்தச் சபையில் ரொம்ப காலப் பழக்கம். இந்த வருஷம் ஆர்கனைப் பழுது பார்க்கப் பணம் போதவில்லை. கமிட்டிக்காரர்கள் மண்டையைக் குடைந்து புதுச் சரக்கு ஒன்றை ஏலத்தில் இறக்கினார்கள்: அடுத்த ஞாயிறு எந்தப் பாட்டை எந்த ராகத்தில் (மெட்டுக்குச் சபையில் அதுதான் பெயர்) பாடுவது என்று தீர்மானிக்கிற உரிமை.

எடுத்தவர் இன்பமணி. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் கறியும் கயிறும் போடுகிற வியாபாரி. கிரேக்கக் கேப்டனிடம் கத்தரிக்காய்க்கு டாலரில் பேரம் பேசி ஜெயித்தவர். சங்கீதத்தில் மட்டும் சுத்தப் பூஜ்யம். கப்பல் சங்குக்கும் ஆர்கனுக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் கேட்கக்கூடாது. ஆராதனையில் எல்லோரும் எழுந்தால் எழுவார், சத்தம் கூடினால் தானும் கூட்டுவார்.

அவரோடு மோதிக்கொண்டு ஏலத்தை ஏற்றிவிட்டவன் உப்பு ஏஜெண்ட் ஜாய்சன்.

"ஏலே, ஒனக்கு எந்தப் பாட்டுலே வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க ஏறுதத பாக்க சொகமா இருக்கு. பதினெட்டு!"

"பதினெட்டரை. இதுக்கு மேல கேட்டேன்னா, ஒன் உப்புல எவ்வளவு தண்ணி நிக்கின்னு மைக்குல சொல்லிருவேன்."

சபை சிரித்தது. ஜாய்சனும் சிரித்துக் கையை இறக்கினான்.

உண்மையில் பாட்டு வேண்டியிருந்தது இன்பமணிக்கும் அல்ல, அவர் மனைவி முத்துமணிக்கு. கரை காட்டும்படி கடவுளிடம் கேட்கிற பழைய இங்கிலீஷ் பாட்டு ஒன்று. தமிழாக்கி நாலு தலைமுறையாகப் பாடுகிறார்கள். அதற்கு இங்கிலீஷ்காரர் ரெண்டு பேர் ராகம் போட்டிருந்தார்கள். ஒருவர் பெரிய ஆலயத்து ஆர்கனிஸ்ட், இன்னொருவர் ஏதோ கிராமத்துப் பாதிரியார். பாட்டுப் புத்தகத்தில் ரெண்டு ராகமும் எதிரெதிர்க் கடை போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். கூட்டமெல்லாம் ஆர்கனிஸ்ட் கடையில்தான். பாதிரியார் கடையில் ஈ கூட உட்காராது.

மூன்றாவது கடை போட்டவள் முத்துமணி. நாசரேத்தில் பாட்டு டீச்சராக இருந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால், அதே பாட்டுக்குத் தானும் ஒரு ராகம் போட்டு, டோ ரே மி எழுத்தில் எழுதி, அன்றைய பாடகர் குழுத் தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் தாளை வாங்கக்கூட இல்லை. "ரெண்டு வெள்ளக்காரன் போட்டது பத்தாதாளா ஒனக்கு?" என்றார். அதற்குப் பிறகு அந்த ராகம் வெளியே வந்ததெல்லாம் சமையலறையில், மிக்சி ஓடுகிற சத்தத்துக்குள்ளேதான்.

இப்போது சமையலறைக்கும் அவள் போவதில்லை. வயிற்றில் வந்த கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது. மதுரை டாக்டர், வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எவ்வளவு காலம் என்று இன்பமணி விதவிதமாகக் கேட்டுப் பார்த்தார். டாக்டர் பேரத்துக்கு வரவில்லை. திரும்பி வருகிற காரில், கோவில்பட்டி தாண்டும்போது, முத்துமணி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "என் ராகத்துல சபை முழுக்கப் பாடி ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. அதனால்தான் பதினெட்டரை.

ஏலம் முடிந்த கையோடு ஆர்கனிஸ்ட் அற்புதமணி வந்து கேட்டார். "எந்தப் பாட்டு அண்ணாச்சி? வெள்ளிக்கிழம பழகணும்லா."

"ஞாயித்துக்கிழம வந்து சொல்லுதேன். போரும்."

சரக்கைக் கடைசி நிமிஷம் வரை திறந்து காட்டாமல் வைத்திருப்பது அவர் தொழிலில் முதல் பாடம். போதாததற்கு, பாடகர் குழுப் பெண்கள் வெள்ளிக்கிழமை பாடி முடித்த சூட்டோடு முத்துமணியைப் பார்க்க வருவார்கள், வாசலிலேயே ஒப்பித்துவிடுவார்கள். அவள் முகம் மலர்வதைத் தானே பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த வெள்ளிக்கிழமையை அப்படியே விழுங்கிவிட்டார்.

ஞாயிறு காலை, முத்துமணியின் தலைமாட்டில் போனைச் சாய்த்து, சபையின் நேரலையைப் போட்டுவிட்டுக் கிளம்பினார். ஆராதனை தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாளை அற்புதமணி கையில் கொடுத்தார். அவர் வாய்க்குள் முனகிப் பார்த்தார். ஒரு தரம் நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி முனகினார்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. ரொம்ப நல்லாருக்கு. யாரு போட்டது?"

"பொறவு சொல்லுதேன்."

"ஆனா ஜனம் எப்படிப் பாடும்? கேட்டதே இல்லையே. அடுத்த மாசம் வச்சுக்கிடுவமா? பழகிட்டுப் பாடலாம்."

"அடுத்த மாசம் ஆவாது." ஆர்கனைக் கை காட்டினார். "ஏலத்துல எடுத்தது நான். நீரு வாசியும்."

அற்புதமணி வாசித்தார். ஆர்கன் ஒரு தடவை ராகத்தைத் தனியாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. பாடகர் குழுவில் நாலைந்து பேர் தடவித் தடவி முதல் வரியைப் பிடித்தார்கள். ஜனங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். கப்பல் கிளம்புகிற நேரத்தில் லாரி வராதபோது வருகிற வேர்வை இன்பமணிக்கு வந்தது.

ரெண்டாவது வரி பாதியில் பின்னாலிருந்து ஜாய்சனின் குரல் எழுந்தது. கணீரென்ற குரல். அண்ணாச்சி காசு கொடுத்து எடுத்த பாட்டு இப்படி மூச்சுத் திணறலாமா என்று நினைத்திருப்பான். அவன் எடுத்துக் கொடுத்ததும் சபை மொத்தமும் பிடித்துக்கொண்டது. அறுநூறு பேர். கூரை அதிர்ந்தது. வந்துட்டுய்யா, வந்துட்டு என்று இன்பமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. கடைசிச் சரணம் வரை தானும் தொண்டை கிழியப் பாடினார். அற்புதமணி நடுவில் ஒரு தரம் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். இன்பமணி அவருக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வெளியே ஜாய்சன் தோளைத் தட்டினான். "எப்படி அண்ணாச்சி, தூக்கிவிட்டோம்லா?"

"தூக்கிட்டலே. நல்லாருப்ப."

முத்தையாபுரம் வீட்டுக்கு ஸ்கூட்டர் பறந்தது. செருப்பைக் கழற்றாமலேயே உள்ளே ஓடினார். முத்துமணி விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். போன் அணைந்திருந்தது.

"கேட்டியாளா?"

"கேட்டேன்."

"எப்படி? அறுநூறு பேரு!"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதா விடுவதா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மொத வரி வந்துச்சுங்க. ரெண்டாவதுல பாதி வந்துச்சு."

"பொறவு?"

"பொறவு பழைய ராகம். யாரோ எடுத்துக் கொடுத்தாங்க, எல்லாரும் அதுல ஏறிட்டாங்க. ஆர்கன் கொஞ்சம் இழுத்துப் பாத்துட்டு அதுவும் பின்னால போயிட்டு. ஒங்களுக்குத் தெரியலையா?"

இன்பமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நானும் சேந்துல்லாளா பாடுனேன்."

"கேட்டுச்சு. ஒங்க தொண்டை தனியாத் தெரிஞ்சுச்சு." சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்து அதைக் கெடுத்தது.

அவர் தண்ணீர் கொடுத்தார். "அற்புதமணிட்ட தாள் இருக்கு. ரெண்டு வெள்ளிக்கிழம பழகச் சொல்லுதேன். எவ்வளவு ஆனாலும் சரி. பொறவு வார ஞாயிறு…"

"ரெண்டு வெள்ளிக்கிழமையா," என்றாள் முத்துமணி. கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

கணக்குப் போடாமல் சும்மா உட்கார்ந்திருக்க இன்பமணிக்குத் தெரியாது. நாலு சரணம். சரணத்துக்கு நாலு வரி. எடுத்தது பதினாறு. வந்து சேர்ந்தது ஒன்றரை. பாக்கி பதினாலரை.