படியில் இறங்காத கப்பல்

1

இந்தக் கதை ஒரு அலமாரியிலிருந்து பிறந்தது. எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நான்கு பேர் அதை இறக்கப் பார்த்தார்கள். சாய்த்தார்கள், திருப்பினார்கள், திட்டினார்கள், கடைசியில் பாதிப்படியில் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அலமாரி கதையில் வராது. ஆனால் மறந்துவிடாதீர்கள்.

கதையில் வருபவர் வால்டெமார் பீரிஸ். லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு ஒரு சின்னச் சிக்கல்: மேடையில் நிற்கும் ஒருவனை, அவன் தோற்றான் என்றோ போனான் என்றோ ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எப்படித் தோற்கடிப்பது?

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மான்டெவிடியோவின் மேல் பூட்ஸ்களின் நிழல் நீண்டு

வேண்டாம். பட்டாளம் ஆண்ட அந்த வருடங்களில் நாங்கள் பூட்ஸைவிட அதிகம் பார்த்தது ரப்பர் முத்திரையைத்தான்.

2

பீரிஸ் வேலை முடிந்ததும் 'நனைந்த பட்டாசுகள்' என்ற முர்காவுக்குப் பாட்டு எழுதுவார். முர்கா என்றால் முகத்தில் சாயம் பூசி, மேளம் அடித்து, ஊரைக் கிண்டல் செய்து பாடும் திருவிழாக் கோஷ்டி. (இப்படி ஒரு கோஷ்டி இருந்ததா என்று தேடாதீர்கள். பெயரை நான்தான் வைத்தேன்.)

ஏற்பாடு இப்படி வேலை செய்தது. பாட்டு முழுவதையும் முன்கூட்டியே அரசிடம் கொடுக்க வேண்டும். அடித்தது போக மிச்சத்தில் முத்திரை விழும். நிகழ்ச்சியன்று முன்வரிசையில் ஒருவர் அந்தத் தாளுடன் உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு சொல் மாறினால் பாடியவர்கள் நேரே வண்டியில் ஏற வேண்டியதுதான்.

அந்த வருடம் பீரிஸ் எழுதியது நடக்காத சரித்திரம். 1807இல் எங்கள் மான்டெவிடியோவைப் பிடித்த ஆங்கிலக் கப்பற்படை சில மாதங்களில் போய்விட்டது. போகாமலே இருந்திருந்தால்? நூற்றெழுபது வருடமாக ஒரு அட்மிரல் ஆள்கிறார். எங்கள் ஊர் இலைப்பானமான மாத்தே குடிக்கத் தடை, தேநீர் கட்டாயம். இதைக் கண்காணிக்கத் தெருவுக்கு ஒரு எந்திரக் காது.

அந்தக் காது எதைக் கேட்கிறது தெரியுமா? தேநீருக்குத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். அப்போது கெண்டி விசில் அடிக்கும். மாத்தேவுக்குக் கொதித்தால் இலை கருகிக் கசந்துவிடும். விசிலுக்கு முன்பே இறக்க வேண்டும்.* ஆகவே விசில் கேட்காத வீடு குற்றவாளியின் வீடு. அந்த எந்திரம் சத்தத்தைப் பிடிப்பதில்லை, அமைதியைப் பிடிக்கிறது.

பேட்டையில் பாடிக் காட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வீட்டுக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

* கெண்டி முனகத் தொடங்கும்போது இறக்கிவிடுங்கள். இதை எந்தத் தணிக்கையும் தடுக்காது.

3

பாட்டை வெட்டும் தணிக்கை அதிகாரியை முதலில் முட்டாளாக எழுதினேன். அடித்துவிட்டேன். முட்டாள் என்றால் நமக்கு வசதி, அவ்வளவுதான். அவருக்கு எல்லாம் புரிந்தது. கெண்டியை விட்டுவிட்டார். ஊர் பயப்படுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கடைசிப் பத்தியில்தான் பேனா நின்றது.

"அட்மிரலுக்கு ஜலதோஷம் புடிச்சு ஊரைப் பாக்கப் போறாரா? வெட்டு."

"போன தடவை நிலாவுக்குப் போனார் சார். அதையும் வெட்டிட்டீங்க."

"அவர் எங்கயும் போகக்கூடாது பீரிஸ்."

"நெஜத்துலயே இங்கிலீஷ்காரன் கெளம்பிட்டானே சார்! பள்ளிக்கூடப் பாடத்துலயே இருக்கு."

"பாடத்துல போகட்டும். மேடையில இருக்கட்டும்." முத்திரை இறங்கியது. "இதுக்கப்புறம் திருத்தம் கெடையாது."

மிஞ்சிய கடைசி வரி அட்மிரல் பாடுவது: 'என்றும் இங்கேயே இருப்பேன்.'

நடக்காத சரித்திரத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? ஆள்பவர்கள் எங்களிடம் தினமும் சொன்னது ஒன்றுதான்: இப்படித்தான் நடக்கும், வேறு வழியே கிடையாது. 'வேறு மாதிரியும் நடந்திருக்கலாம்' என்று ஒருவன் பாடினால், அதை நேற்றைப் பற்றிய செய்தியாக யாரும் கேட்பதில்லை. நாளையைப் பற்றிக் கேட்பார்கள். அதிகாரிக்கு அது தெரியும்.

4

ஒத்திகை நடந்தது லா தேஹா பேட்டையில், பந்துருட்டும் கிளப்பின் பலகை மேடையில். அட்மிரல் வேஷம் எல்பியோவுக்கு. கசாப்புக்கடைக்காரர், கனத்த குரல். அவர் இடுப்பைச் சுற்றி ஒரு அட்டைக் கப்பல். முன்னும் பின்னும் நீண்டு, இரண்டு பக்கமும் பீரங்கி துருத்திக்கொண்டிருந்தது. ஆடும்போது அவிழாதபடி முதுகுப்பக்கம் முடிச்சுப் போட்டவள், உடை தைக்கும் வால்கிரியா. அவள் தம்பி நேரியைப் பிடித்துப்போய் ஒரு குளிர்காலம் கடந்துவிட்டது. எந்தப் பட்டாள முகாமில் இருக்கிறான் என்று இன்னும் சொல்லவில்லை.

கடைசி வரி என்னவென்று கேட்டதும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"என் தம்பிய உள்ள வெச்சிருக்கறவன் ஜெயிக்கிற பாட்டுக்கு நான் எதுக்குய்யா ஜிகினா ஒட்டணும்?"

"அம்மணி, நான் கசாப்புக்காரன். மாட்டத் தவிர யாரையும் புடிச்சதில்ல" என்றார் எல்பியோ.

"உன்னச் சொல்லல குண்டா. உன் தலையில இருக்கற தொப்பியச் சொன்னேன்." பிறகு பீரிஸைப் பார்த்து, "ஜனங்க இதக் கேட்டுட்டு என்ன நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவாங்க, வால்டெமார்? அவன் இருப்பான்னுதானே?"

பீரிஸ் மேளக்காரர்களுக்குக் கை காட்டினார். "ஒரு தடவை முழுசாப் பாடிப் பாப்போம்" என்றார்.

பாடினார்கள். 'என்றும் இங்கேயே இருப்பேன்' வந்தது. வழக்கப்படி விடைபெறும் மேளம் எழுந்தது. எந்த முர்காவும் மேடையில் முடிவதில்லை. படியிறங்கி, ஜனங்களுக்கு நடுவே பாடிக்கொண்டே நடந்து போவதுதான் முடிவு. கால்கள் தாமாகவே படிக்குத் திரும்பின. எல்பியோவின் கால்களும்தான்.

"டேய், நில்லுங்கடா! நான் எப்படி எறங்கறது?"

"பக்கவாட்டுல வா குண்டா!"

"வந்தேன்டா! நேரா வந்தா பீரங்கி இடிக்குது, பக்கவாட்டுல வந்தா கப்பல் மூக்கு இடிக்குது! யாராவது முடிச்ச அவுருங்கடா!"

மேளக்காரர்கள் வாசல்வரை போய்விட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. மேடையில் அட்மிரல், முழுச் சீருடையில், தனியாக. ஆளுவதற்கு எதிரே ஒரு ஈகூட இல்லை.

"என் அளவுதான் தப்பு" என்றாள் வால்கிரியா. "கத்திரி எடுத்தாறேன்."

"கத்திரியத் தொடாத!"

பீரிஸ் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் படியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே கையை விரித்து அளந்தார். லிஃப்டுக்குள் எது நுழையும், எது நுழையாது என்று பார்த்தே பழகிய கை.

"பேட்டைக்குப் பேட்டை மேடைப்படி ஒரே அகலம் இல்ல. இருக்கறதுலயே பெரிய படிக்கும் இது பெருசா இருக்கணும். பீரங்கிய இன்னும் நீட்டு, வால்கிரியா."

அவள் படியைப் பார்த்தாள், எல்பியோவைப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள்.

"எவ்வளவு நீட்டணும்?"

"எல்லாஞ் சரி, நான் வீட்டுக்குப் போகவேணாமாடா?" என்றார் எல்பியோ மேலேயிருந்து.

5

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லோரையும் பிடித்துப் போகிறார்கள். ஒன்றில் முன்வரிசைக்காரர் தாளைப் பார்க்கிறார், மேடையைப் பார்க்கிறார், எந்த வரியும் மாறவில்லை, எதன் மேல் விரல் வைப்பது என்று

மூன்றாவதில் நேரி திரும்பி வருகிறான். அதை எழுதிய தாளைக் கிழித்தேன். அவன் வரவை இனாமாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

எதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன். நான் ஒன்றை உறுதி செய்தால் அதுவும் ஒரு முத்திரை. நீங்கள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேளம் உங்கள் முழங்காலை உரசிக்கொண்டு தெருவுக்குப் போகிறது. எழுந்து பின்னால் போவதா, உட்கார்ந்து அட்மிரலைப் பார்ப்பதா என்பது உங்கள் பாடு.

பீரிஸின் சிக்கலுக்கு மட்டும் விடை தருகிறேன், யாருக்கும் பயன்படும். கப்பலைப் படியைவிட அகலமாகச் செய்யுங்கள். முடிச்சை அவன் கைக்கு எட்டாமல் முதுகில் போடுங்கள். முத்திரை பெற்ற வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் அவனையே பாடவிடுங்கள். பிறகு எல்லோரும் இறங்கிவிடுங்கள்.