ப்ராசஸர் விசிறியும் ஹன்னாவின் மூன்றாவது பதிவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை காதலில் பிறக்கவில்லை, கணினிக் கடையில் பிறந்தது. என் கணினி போட்ட இரைச்சலில் என் தொடர்கதையின் நாயகன் பதினோராம் அத்தியாயத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான். திருப்பதியில் சிரஞ்சீவியின் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திருகுகளைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ப்ராசஸரைக் குளுமையா வெக்கறதுக்கு ஒரு கூலர் இருக்கும் மேடம், மேல விசிறியோட. ஒருத்தர் புதுசு வாங்கினு போயி, அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை உரிக்காமலே மாட்டிட்டாரு!"

யார் அவர், ஏன் உரிக்கவில்லை என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்த நிமிடம் அந்த உரிக்காத மனிதர் எனக்குச் சொந்தமாகிவிட்டார். டைட்டஸ் என்று பெயர் வைத்தேன். குடும்பக் கதை எழுதுகிறவள் என்பதால் உடனே ஒரு மனைவியும் வேண்டியிருந்தது.

2

தொடக்கம் ஒன்று: "சித்தூர் மிட்டூரின் மாலை வெயில் ஹன்னாவின் கன்னத்தில்—" வேண்டாம். கன்னத்தில் வெயில் பட்டால் என் வாசகிகள் அடுத்த வரியில் முத்தத்தை எதிர்பார்ப்பார்கள். இவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம்.

தொடக்கம் இரண்டு: "ப்ராசஸரின் வெப்பம் தொண்ணூறு டிகிரியைத்—" இதைப் படிக்க டைட்டஸ் ஒருவன்தான் மிஞ்சுவான்.

தொடக்கம் மூன்று:

யாமினியிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. "உங்க குரல் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா பின்னாடி மாவு மில் ஓடுதே?"

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

யாமினி, கதைப் புத்தகங்களை வாசிக்கச் செய்து ஒலிநூலாக வெளியிடும் ஒரு நிறுவனத்தில் குரல்களைத் தேர்ந்தெடுப்பவள். ஹன்னா சித்தூரில் பத்து வயதிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச் சபையில் வேதபாடம் வாசிப்பவள். நல்ல குரல் என்று சபையார் எல்லாரும் சொல்லியாயிற்று. சபையார் சொல்லத்தான் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஹன்னாவின் ஆசை. அனுப்பிய இரண்டு பதிவுகளும் இரைச்சலால் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

மாவு மில் என்பது வேறெதுவுமில்லை, அவள் கணவன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கணினிதான்.

(கைபேசியில் பதிவு செய்யலாமே என்கிறீர்கள். யாமினி அனுப்பிய மைக்கைக் கணினியில் மட்டும்தான் செருக முடியும். அடுத்த அறை? அது வேலூர் பஸ் போகிற பக்கம். இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. தயவுசெய்து மூன்றாவதைத் தேடாதீர்கள்.)

3

டைட்டஸ்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் படியில் அவனை மனைவியின் குரலை மதிக்காத கணவனாக எழுதினேன். அப்படி எழுதுவது சுலபம், கண்ணீரும் சீக்கிரம் வரும். ஆனால் அவன் ஒத்துழைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நான் கேட்காமலே திருப்பதிக்குப் பஸ் ஏறி, தேங்காய் அளவில் ஒரு புதுக் கூலர் வாங்கி வந்துவிட்டான். மாட்டினான். சுவிட்சைப் போட்டான்.

"இன்னாங்க இது? மாவு மில்லுன்னு சொன்னாங்க, இப்ப ஏரோப்ளேன் ஆயிடுச்சே?"

"புதுசுதானே, பழகணும்."

"பழகணுமா? இன்னா, புதுச் செருப்பா அது?"

வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் வாராந்தர ஜெபக்கூட்டம். முடிக்கும்முன் ஒவ்வொருவரும் ஜெப விண்ணப்பம் சொல்வது வழக்கம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் மகனுக்கு விசா. டைட்டஸ் தொண்டையைச் செருமினான்.

"கம்ப்யூட்டர் சூடு தணியணும். நாளைக்கு ஹன்னாவுக்கு ரெகார்டிங் இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தை நடத்தும் ஞானம்மாள் அக்கா நோயாளியின் தலையில் வைப்பதுபோல் சிபியு பெட்டிமேல் கை வைத்தார். "யப்பா, காய்ச்சல் நூத்திநாலு இருக்கும்" என்றார். ஒரு கல்யாண வீடியோ உள்ளே வெந்துகொண்டிருந்ததால் விசிறி முழு வேகத்தில் இருந்தது. அதற்கு மேலே குரலை உயர்த்தி ஐந்து நிமிடம் ஜெபித்தார். ஆமென் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

"கர்த்தருக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல."

பிறகு சோபாவிலிருந்து எழப் பார்த்தார், முடியவில்லை. "ஏம்பா டைட்டஸு, எட்டு வருஷமா இந்த சோபா கவரைப் பிரிக்கலியா நீ? வேர்வைல ஒட்டிக்கினு எழுந்துக்க முடியல."

ஹன்னா சோபாவைப் பார்த்தாள். அதே பிளாஸ்டிக்கோடு இருந்த டிவி ரிமோட்டைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள்.

"ஏங்க, கூலர் அடியில கவர் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"உரிச்சீங்களா?"

"கீறல் படக்கூடாதுன்னு அப்படியே உட்டேன்."

"உரிக்கச் சொல்லி அதுலயே எழுதியிருக்குமே?"

"எழுதியிருந்துச்சு. டிவி மேலயுந்தான் எழுதியிருந்துச்சு."*

(* கூலரின் அடித்தகடு, கொஞ்சம் பசை தடவி, ப்ராசஸரோடு ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் பிளாஸ்டிக் இருந்தால் சூடு மேலே ஏறாது. சூடு குறையவில்லையே என்று விசிறி இன்னும் வேகமாய்ச் சுற்றும். அது தன் வேலையைத்தான் செய்தது, பாவம்.)

4

வெள்ளிக்கிழமை மதியம் டைட்டஸ் பிளாஸ்டிக்கை உரித்தான். தன் தோலையே உரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். பழைய பசையைப் பஞ்சால் துடைத்து, புதிதாகப் பட்டாணியளவு வைத்து, கூலரை மறுபடி இறுக்கினான். விசிறி எடுத்த எடுப்பில் பாயாமல் மெதுவாக வேகம் கூடும்படி செட்டிங்கில் மாற்றினான்.

"ஓடுதா?"

"ஓடுது. கை வெச்சிப் பாரு, காத்து வருது."

பக்கத்து வீட்டுக் குக்கரின் விசில் முதன்முறையாகக் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து, மூன்று இருபதுக்கு ஹன்னா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். டைட்டஸ் அவளுக்குப் பின்னால் சிபியு பெட்டிமேல் கை வைத்தபடி நின்றான். பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் டீ போடப் போனான்.

அவள் சரிபார்க்கக் கேட்டாள். சுத்தமாக இருந்தது. ஒன்பதாம் நிமிடத்தில், அவள் வாசித்த ஒரு வரியின் மேலேயே, தாழ்ந்த ஆண்குரல்:

"இன்னா அழகா வாசிக்கிறா."

எட்டு வருடத்தில் நேருக்கு நேர் ஒருமுறையும் அவன் சொன்னதில்லை. ஹன்னா திரும்பி வந்த இரண்டாவது பதிவைத் திறந்தாள். மாவு மில்லுக்கு அடியில், இன்னதென்று தெரிந்து தேடினால், அங்கேயும் இருந்தது. முதல் பதிவிலும் இருந்தது. விசிறி மறைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மூன்று முறையும் சொல்லியிருக்கிறான். இன்று விசிறி கைவிட்டுவிட்டது.

5

முடிவு அ: அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசித்து, பழையதன் இடத்தில் சேர்த்து அனுப்புகிறாள். தேர்வாகிறாள். என் வாசகிகள் கேட்பது இதைத்தான்.

முடிவு ஆ: அப்படியே அனுப்புகிறாள். யாமினியிடமிருந்து பதில்: "மில் நின்னுடுச்சு மேடம். ஆனா யாரு அது?"

முடிவு இ: ஹன்னா சமையலறைக்குப் போய் அவன் தோளில்— (நிறுத்திவிட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது.)

எதையும் என்னால் எழுத முடியவில்லை, ஏனென்றால் அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. மணி மூன்று ஐம்பத்தைந்து. வரியை வாசிக்க அரை நிமிடம், அனுப்ப மூன்று நிமிடம், நேரம் இன்னும் இருக்கிறது ஹன்னா என்று எழுதியவளே கெஞ்சுகிறேன். அவளோ ஒன்பதாம் நிமிடத்தை ஐந்தாவது முறையாக ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி மடியில் வைக்கிறாள்.

"ஹன்னா, டீ ஆறிப்போவுது!"

"கேக்கல. இங்க வந்து சொல்லுங்க."

வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. இரண்டு டம்ளர்களோடு அவன் வந்துகொண்டிருக்கிறான். புருஷன் பெண்டாட்டி பேசும்போது கூட நிற்பது நாகரிகமல்ல, நான் வெளியே போகிறேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள நீங்கள் யாராவது உள்ளே இருங்கள்.