முதலில் அடித்தது யார்

மாப்பிள்ளைக்கு உத்தியோகமே பொய்யைக் கண்டுபிடிப்பதுதான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நசுங்கிய கார்களைச் சுற்றிவந்து, இது நேற்றுப் பட்ட அடியா, போன வருஷத்து அடியா என்று சொல்ல வேண்டும். சுவரில் இடித்துவிட்டு நாய் குறுக்கே வந்தது என்று கதை விடுபவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விழுங்கிவிட்டுப் பட்ட பாடு நம் எதிரிக்கும் வர வேண்டாம்.

விழுங்கிய இடம் ஒரு கோல்ஃப் கடை. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நகராட்சி மைதானத்தில் ஞாயிறு தவறாமல் ஆடுவார். அவருக்கு ஜோடி ஒரு பல் டாக்டர், பல வருஷத்துச் சிநேகிதர். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். சேர்ந்த நாளிலிருந்து முதல் அடியில் ஒருமுறைகூட மாமனாரைத் தாண்டிப் பந்து போனதில்லை. "பந்தைக் கொஞ்சாதீங்க மாப்பிள்ளை, அடிங்க" என்று கிழவர் சிரிப்பார். மாப்பிள்ளையும் சிரிப்பார். சிரித்த வாய் வீட்டுக்கு வந்ததும் உர்ரென்று ஆகிவிடும்.

முதல் அடிக்கு எடுக்கிற நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். மாமனாருடைய டிரைவர் தலையில் விரிசல் விட்டுவிட்டது. "உங்களுதும் பழசு. சேர்ந்தே வாங்கிடுவோம்" என்று அவர்தான் மாப்பிள்ளையையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடையின் பின்னறையில் ஒரு வலை, ஒரு பச்சைக் கம்பளம், வேகத்தை அளக்கிற மிஷின், அதற்கு ஒரு திரை. கடைக்காரர் விளக்கினார். "வேகமா வீசறவங்களுக்கு மட்டையில விறைப்பான தண்டு. நிதானமா வீசறவங்களுக்கு வளைஞ்சு கொடுக்கற தண்டு. மாத்திப் பிடிச்சா பந்து சொன்ன பேச்சு கேக்காது. முதல்ல தம்பி அடிங்க, அப்புறம் பெரியவர். நான் போய்த் தண்டு எடுத்துட்டு வரேன்."

அவர் தலை மறைந்ததும் மாமனாருக்குக் கை பொறுக்கவில்லை. "நான் முதல்ல நாலு சாத்திடறேன்" என்று மட்டையை வாங்கி வலை கிழிகிற மாதிரி சாத்தினார். பிறகு மாப்பிள்ளை அடித்தார். திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கிழவருடைய வேகத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை. நல்லவேளை, மாமனார் மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "என்ன காட்டுது?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் கை கழுவப் போய்விட்டார்.

கடைக்காரர் திரும்பி வந்து, திரையில் வரிசையாக இருந்த எண்களைப் பார்த்தார். "அடேயப்பா! தம்பி, வேகம்னா இதான் வேகம். பெரியவருக்குத்தான் பாவம், கை தளர்ந்துடுச்சு."

முதலில் அடித்தது மாமனார். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வாழ்நாளில் யாரும் அவரைப் பார்த்து அப்படி அடேயப்பா என்று சொன்னதில்லையே! ஒரு நிமிஷம் அனுபவித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு நின்றிருந்தாலும் போகட்டும். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறவர் மாதிரி தலையை வேறு குனிந்துகொண்டார்.

அந்த நிமிஷம் முடிவதற்குள் மாமனார் கைக்குட்டையால் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். கடைக்காரர் பதமாகத்தான் சொன்னார். வயசு ஆக ஆக எல்லாருக்கும் வருவதுதான், வளைந்து கொடுக்கிற தண்டு போட்டால் ஒன்றும் தெரியாது என்றார்.

"நானா? எனக்கா?" என்றார் மாமனார். மிஷினைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரிதான். கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதை. மிஷின் பொய் சொல்லுமா?"

"புது மட்டையில ஒரு தடவை அடிச்சுப் பாத்துடுங்களேன்" என்றார் கடைக்காரர்.

"நேரமாச்சு" என்று முந்திக்கொண்டு சொன்னவர் மாப்பிள்ளை. மாமனாருக்கு வளைகிற தண்டும் தனக்கு விறைப்பான தண்டுமாக வாங்கிய இரண்டு மட்டைப் பெட்டிகளையும் அவரே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். பொய்க்காரர்களுக்கு எப்போதும் நேரமாகிவிடும் என்பது அவருடைய ஆபீஸ் அனுபவம். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மாமனாரின் பந்து இடதுபக்கத்து மரங்களுக்குள் போய் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. மாப்பிள்ளையின் பந்து வலதுபக்கம் நொண்டிக்கொண்டு போயிற்று. அவருக்கு அது பழக்கம்தான். கிழவருக்குப் பழக்கமில்லை. பாதி ஆட்டத்திலேயே பந்தைத் தடவிக்கொடுக்கிற மாதிரி அடிக்கத் தொடங்கிவிட்டார்.

"மாமா, மட்டையை வேணா மாத்திடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். மட்டை என்ன பண்ணும் மாப்பிள்ளை? கைதான் போயிடுச்சு."

அது மைதானத்தோடு நிற்கவில்லை. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். பேத்தியைத் தூக்கப் போனவர், குனிந்து, யோசித்து, தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளையின் மனைவி கார் சாவியை அவர் முன்னால் வைத்தாள்.

"அப்பா கொடுத்துட்டாருங்க. இனிமே ஓட்ட மாட்டாராம். கிரேன் ஓட்டின மனுஷன்! கேட்டா மிஷினே சொல்லிடுச்சுங்கறார். எந்த மிஷின்? டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"காட்டலாம்" என்றார் மாப்பிள்ளை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினார். கிழவர் நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காக எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள் என்றார்.

அந்த வாரம் ஆபீஸில் ஒருவர் பழைய நசுங்கலைப் புது விபத்தோடு சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். பிடிபட்டதும், "நான் எங்கே சார் பொய் சொன்னேன்? நீங்க கேக்கல, நான் சொல்லல" என்றார். வழக்கமாக இந்தப் பேச்சுக்கு மாப்பிள்ளை வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அன்று அந்த ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல், போய் வாருங்கள் என்று மட்டும் சொன்னார். வெட்கம் காதுமடல் வரை சுட்டது. இன்று சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வருவார். மாமனார் "வாங்க மாப்பிள்ளை" என்று எழுந்து நிற்பார். அந்த மரியாதையைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். சொல்லாமல் ஒவ்வொரு நாள் போகப் போக, சொல்ல வேண்டியதும் கனத்துக்கொண்டே போயிற்று.

அந்த ஞாயிறு மாமனார் தன் பையைக் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு மைதானத்துக்கு வந்து, பல் டாக்டரிடம், "உனக்கு வேற ஜோடி பாத்துக்கோ. என்னை வச்சுக்கிட்டு நீயும் தோக்காதே" என்றார்.

பல் டாக்டர் தன் பையைக் கீழே வைத்தார். "சரி, விடறதுதான் விடறே, கடைசியா ஒரு அடி அடிச்சுட்டுப் போ" என்றார்.

மாப்பிள்ளை தன் டிரைவரின் உறையைக் கழற்றி நீட்டினார். பெரிய தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். தான் சொல்ல வேண்டியதை மட்டை சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற கோழைத்தனம்தான்.

மாமனார் மட்டையை வாங்கி ஒருமுறை சும்மா வீசிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. காலை அகட்டி நின்று இன்னொரு முறை வீசினார். பிறகு அடித்தார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துப் பாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பந்து நூல் பிடித்த மாதிரி நேர் நடுவில் போய், மாப்பிள்ளை கனவிலும் அடிக்காத தூரத்தில் விழுந்து உருண்டது.

"யோவ்! என்னய்யா இது!" என்று கத்தினார் பல் டாக்டர்.

மாமனார் பந்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தண்டைப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒரு கணம்தான். கிரேனில் முப்பது அடி உயரத்திலிருந்து கீழே நிற்கிற ஆளின் கையசைவைப் படித்த கண் அது. அதற்குப் பொய் ஒளிந்த இடம் தெரியாமல் போகுமா?

"காத்து" என்றார் அவர், பல் டாக்டரிடம். "பின்னாலேந்து காத்து அடிச்சுது. அதான் தள்ளிக்கிட்டுப் போயிடுச்சு." கைக்குட்டையை எடுத்து மட்டையின் தலையைத் துடைத்தார். உறையை மாட்டி மாப்பிள்ளையிடம் நீட்டினார். "நல்ல மட்டை. பத்திரமா வச்சுக்கங்க."

கன்னத்தில் அறைந்திருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பார். மருமகனின் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் தன் கையிலிருந்த பலத்தையே காற்றுக்குக் கொடுத்துவிட்டார். தூரத்தில் குழியில் நட்டிருந்த கொடி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு இலைகூட ஆடவில்லை.

"காத்தே இல்ல மாமா."

பல் டாக்டர் திரும்பினார். மாமனார், வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை நிறுத்தவில்லை.

"அன்னிக்குக் கடையில முதல்ல அடிச்சது நீங்க. அந்த வேகம் உங்களுது. கடைக்காரர் என்னுதுன்னு நினைச்சுக்கிட்டார். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். உங்க கைக்கு ஒண்ணும் ஆகல மாமா. என் புத்திதான் இப்படி…" முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமனார், உறை போட்ட டிரைவரைத் தன் பக்கமே இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு மற்றொரு கையை நீட்டினார்.

"கார் சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை. நான் ஓட்டறேன். இதை என் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்க யோசிச்சுக்கிட்டே வாங்க."