ஆடாத பெட்டி

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் மறுபடியும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. ரஞ்சிதா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். எழுந்ததற்குக் காரணம் எதுவும் இல்லாததால் திரும்ப உட்கார்ந்தாள். பெயர் பதியும் படிவம் ஒன்றை ஆயத்தமாகத் தேடி, திங்கட்கிழமை காலையிலிருந்து இது ஏழாவது தளம். எல்லாவற்றின் நெற்றியிலும் 'இலவசம்' என்றுதான் எழுதியிருந்தது. முதலாவதில் பார்ப்பது மட்டும் இலவசம். எடுப்பதென்றால் மாதச் சந்தா. இரண்டாவதில் எல்லாம் கிடைத்தது, ஆனால் அதைச் செய்தவர் ஆறு வருஷமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. செல்போனில் திறந்தால் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன. மூன்றாவதில் ஒரேயொரு பொத்தானுக்காக மொத்த மூட்டையையும் இறக்கச் சொன்னார்கள். நான்காவதைக் கம்பெனி நெட்வொர்க் உள்ளேயே விடவில்லை. மற்ற இரண்டையும் நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தக் கம்பெனியில் கணினிப் பிரிவு என்றால் ரஞ்சிதாவும் அவள் பக்கத்திலிருந்த பிரிண்டரும்தான். கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள் இனிமேல் நோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது, செல்போனிலேயே பதிய வேண்டும் என்று ஹெச்.ஆர். குருமூர்த்தி முடிவுசெய்திருந்தார். வியாழக்கிழமை மாலை ஐந்தரைக்குள் ஒரு ரூட்டில் நாற்பது பேர் பதியாவிட்டால் அந்த பஸ் நிறுத்தப்படும். ரஞ்சிதா தினமும் வரும் காவேரிப்பட்டினம் பஸ்ஸுக்கும் அதே விதிதான். பஸ் நின்றால் கிருஷ்ணகிரி வண்டியில் வந்து, இறங்கி, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து, அதன் பிறகு ஊருக்குள் நடக்க வேண்டும்.

"நானே எழுதிடறேன் சார், ரெண்டு பெட்டி, ஒரு பொத்தான்தான்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நீ எழுதறது ரேஷன் கார்டு விண்ணப்பமாட்டம் இருக்கும்மா. நெட்ல எல்லாம் ரெடிமேடா, ஃப்ரீயா கெடைக்குது. என் மச்சான் பையன் பெங்களூர்ல அத ஒட்டி ஒட்டித்தான் சம்பளம் வாங்கறான்."

எட்டாவது தளத்தில் கிடைத்தது. உண்மையாகவே இலவசம். ஓரம் வளைந்த பெட்டிகள், தொட்டால் நீலமாகும். தப்பாக நிரப்பினால் சிவந்து, மாட்டேன் என்பதுபோல இடமும் வலமும் ஆடும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்ட இரண்டு பெட்டிகளில் ரஞ்சிதா தன் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுப் பார்த்தாள். ரஞ்சிதா, பாஸ்கரன். பச்சை டிக் விழுந்தது. குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்து, "இது படிச்சவங்க வேல" என்றார். செவ்வாய்க்கிழமை பக்கத்தை ஏற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் காவேரிப்பட்டினம் ரூட்டில் முப்பத்தொரு பேர்தான் பதிந்திருந்தார்கள். தினமும் ஏறுகிறவர்கள் நாற்பத்தாறு. மூன்று நாள் கொடுத்தும் இரண்டு நிமிஷ வேலை முடியவில்லை என்றால் இவர்களை என்ன சொல்வது என்று முணுமுணுத்துக்கொண்டே நாலு மணி டீக்குக் கேன்டீனுக்குப் போனாள்.

பேக்கிங் செக்ஷன் மாரம்மா அவளைப் பார்த்ததும் செல்போனை நீட்டினாள். "வா பாப்பா, வா. ஒன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். பதினோரு வாட்டி போட்டேன், சாமியாடறாப்பல ஆடுது. என்னா வேணுமாம் அதுக்கு?"

முதல் பெட்டியில் மாரம்மா. இரண்டாவது பெட்டியில், ஆதார் அட்டையில் இருக்கிறபடியே, ஜி. பொத்தானை அழுத்தியதும் பெட்டி சிவந்து ஆடியது. இரண்டெழுத்துக்குக் குறையக் கூடாது என்று அடியில் பொடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இனிஷியல் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே அதைச் செய்தவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் அப்பா பெயரை முழுசாகப் போட்டுப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். ரஞ்சிதாவுக்குக் காது சுட்டது.

"இப்போதைக்கு வீட்டுக்காரர் பேர முழுசா போட்டுடுங்கக்கா."

"ஆதார்ல இல்லாத பேரயா?" என்று மாரம்மா செல்போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்திலிருந்த சாந்தம்மா டம்ளரை மேசையில் நங்கென்று வைத்தாள். "எதுக்குப் போடணும்? அந்தாளு என்னய விட்டுட்டுப் போயி ஒம்பது வருசமாச்சு. ஒத்த எழுத்துன்னா போவுதுன்னு சொமக்கலாம். முழுப் பேரையும் எவ சொமப்பா?"

"நீ இவ்வளோ ரோசம் பாத்தா டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டுதான் போவணும்டி" என்றாள் மாரம்மா.

"தொங்கறேன்."

ரஞ்சிதா மாடிக்கு ஓடினாள். அந்த விதியை மாற்ற வழி இருந்தது. அது கட்டணப் பதிப்பில் இருந்தது. இலவசப் பதிப்பின் நிரலோ இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக நசுக்கிக் கிடந்தது. குருமூர்த்தியிடம் போய் நின்றாள்.

"நானே மிச்சப் பேர ஏத்திடட்டுமா சார்?"

"நாளைக்கு ஆளில்லாத பேருக்கு பஸ் விட்டேன்னு என்னயப் பிடிப்பாங்க. அவங்கவங்கதான் போடணும். ட்ராவல்ஸ்காரன் கீழ வந்து உக்காந்துட்டாம்மா, அஞ்சரைக்கு லிஸ்ட வாங்கிட்டுப் போயிடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த டப்பா எம்.டி.க்கு ரொம்பப் புடிச்சிருக்கு, எடுத்துராத" என்றார்.

அவள் எடுத்தாள். வளைவு, நீலம், ஆட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி வைத்தாள். மேலே 'பெயர்', கீழே ஒரு பொத்தான். எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பழைய பக்கத்தைக் கழற்றி, ரூட்டுகளை இணைத்து, தன் போனில் சோதித்து ஏற்றும்போது மணி ஐந்து பதினைந்து. எல்லோரும் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள்.

அவள் ஏறிச் சொன்னதும் எல்லோரும் செல்போனை எடுத்தார்கள். எல்லார் கையிலும் பழைய சிவப்புப் பெட்டியே ஆடியது. பழைய பக்கத்தை ஒவ்வொரு போனும் நினைவில் பிடித்துவைத்திருந்தது.

"அய்யோ, யாரும் தொடாதீங்க! ஏம் போன்லயே போடுங்க. ஒவ்வொருத்தரா."

"வண்டிய எடுக்கட்டுமா, வேணாமா?" என்றார் டிரைவர் கோவிந்தப்பன்.

"எடுத்தியானா நாளைக்கு எடுக்க வண்டி இருக்காதுய்யா, கம்முனு இரு" என்றாள் மாரம்மா. முதலில் போனை வாங்கியதும் அவள்தான். பெயரோடு ஜி என்ற எழுத்தையும் போட்டுப் பொத்தானைக் குத்தும்போது கண்களை இறுக மூடிக்கொண்டாள். பெட்டி ஆடவில்லை.

முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று. ஒருத்தர் கண்ணாடியைத் தேடினார். இன்னொருத்தி தமிழில் போடலாமா என்று கேட்டாள். முப்பத்தேழு ஆனபோது மணி ஐந்து இருபத்தேழு, போன் சாந்தம்மா கைக்கு வந்திருந்தது. அவள் நிதானமாகத் தன் பெயரை அடித்தாள். பிறகு, பெயருக்குப் பின்னால் பெட்டியில் மீதியிருந்த வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின் சீட்டில் யாரோ "சீக்கிரம்க்கா" என்றார்கள்.

"பாப்பா, இந்த மிச்ச எடம்?"

"காலியாவே இருக்கட்டும்க்கா."

சாந்தம்மா பொத்தானை அழுத்தினாள். முப்பத்தெட்டு. போன் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, சீட்டுகளின் மேலாகக் கடைசி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் சிறிய வெள்ளைப் பெட்டி போகிற வழியிலிருந்த முகங்களை ஒவ்வொன்றாக வெளிச்சமாக்கியது.