முடியால் தைத்த சட்டை

சலூன்காரருக்குக் கத்தரியும் நாக்கும் ஒரே தாளத்தில் ஓடும். அதனால் வாடிக்கையாளர்கள் அவருக்கு 'ரெட்டைக் கத்தரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை அவர் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தான் பேசப்போவதை யாரிடமும் சொல்லக் கூடாது.

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதும்மா, போதுமா?" என்றார்.

மறுநாள் காலை, முதல் ஆளுக்கு நுரை போடும்போதே வார்த்தை வந்துவிட்டது.

மனைவி துணி திருத்தும் கடையில் வேலை பார்த்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிள்ளைகள் வளர வளரச் சட்டையைப் பிரித்து விடுவது என்று நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராத வேலை. கடை ஜன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சைச் செடி தொட்டியில் நின்றது. அதில் பறவை எச்சம் மாதிரி ஒரு புழு ஒட்டிக்கொண்டிருப்பதை அவள் ஒருநாள் பார்த்துவிட்டு, பேன்ட் கொடுக்க வந்த பல் டாக்டரிடம் விளையாட்டாகக் காட்டினாள். அவருக்கோ புழு பூச்சி என்றால் உயிர். பேன்டை மறந்துவிட்டு அரைமணி நேரம் ஜன்னலில் தொங்கினார். போகும்போது, "மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க கொஞ்சப் பேர் கூடுவோம். வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சின்னு பேசிட்டு டீ குடிச்சிட்டுப் போவோம். நீங்களும் வாங்க," என்றார்.

போனாள். நூலகத்தின் மாடியறையில் கூட்டம் நடக்கும். முதலில் செய்தி: யார் எந்தச் செடியில் என்ன பார்த்தார்கள், எது வந்தது, எது இந்த வருஷம் வரவில்லை. பிறகு யாராவது ஒருவர் பேசுவார். மூன்று வருஷமாக அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாளே தவிர, ஒரு செய்திகூடச் சொன்னதில்லை. எழுந்து நிற்கவே கூச்சம்.

அவளைப் பேச வைத்தது சலூன் சுவர்தான்.

ஒரு விடுமுறை நாளில் கடையை ஒட்டடை அடிக்க இருவரும் போயிருந்தார்கள். கண்ணாடிக்கு மேலே, சுவர் மூலையில், பூசணி விதை அளவுக்கு அழுக்குத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எல்லா வீட்டுச் சுவரிலும் இருப்பதுதான். அவர் துடைப்பத்தை ஓங்கினார்.

"ஏங்க, நில்லுங்க! அது நடக்குது."

"எது?"

"அந்தக் குப்பைதான்!"

அவர் ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். துணுக்கின் ஒரு முனையிலிருந்து கடுகளவு தலை ஒன்று எட்டிப் பார்த்தது, சுவரைப் பிடித்தது, கூட்டை ஒரு இழு இழுத்தது. இருபது வருஷமாக அந்தச் சுவருக்குக் கீழே நின்று முடி வெட்டியவர் அவர். அன்றைக்குத்தான் அது உயிர் என்று தெரிந்தது. இன்னும் கிட்டப் போனதும் வாய்விட்டுச் சிரித்தார். கூடு முழுக்க முடி. கறுப்பு, வெள்ளை, சாயம் போட்ட செம்பட்டை எல்லாம் பொடிப்பொடியாகச் சேர்த்து ஒட்டியிருந்தது.

"அடிப்பாவி, என் கடை முடியைத் திருடியா வீடு கட்டியிருக்கு!"

"வீடு இல்லீங்க, சட்டை," என்றாள் மனைவி. "பாருங்க, போட்டுக்கிட்டே நடக்குது."

அதில் சின்னதாக நாலைந்தை மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். தின்ன ஒட்டடை போட்டாள். தையல் கடையில் மிஞ்சும் நூலைப் பொடியாக நறுக்கி, முதலில் சிவப்பு மட்டும் தூவினாள். சில வாரம் கழித்துச் சிவப்பை எடுத்துவிட்டு நீலம். பிறகு மஞ்சள். அவள் ராத்திரிச் சாப்பாட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிண்ணத்தைப் பார்ப்பதும், அவர் அவளைப் பார்ப்பதுமாக மாதங்கள் போயின. கடைசியில் கூடுகள் அவள் நினைத்தபடியே வந்திருந்தன. ஒரு கூட்டில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சியும் வெளியே வந்து உட்கார்ந்தது. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் நீங்கதான் பேசறீங்க. தப்பிக்க முடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மாடியறையில் காலடி வைக்க இடமில்லை. வழக்கமாகப் பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். அன்றைக்குச் சலூனின் பாதி வாடிக்கையாளர்கள் அங்கே இருந்தார்கள். லாரி டிரைவர் குடும்பத்தோடு வந்திருந்தார். தலையில் பேருக்குக்கூட முடியில்லாத, மீசை திருத்த மட்டும் வரும் வங்கி மேனேஜர் முன்வரிசையில். கீழே இருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து மாளவில்லை நூலகருக்கு.

மனைவி கிண்ணத்தோடு வாசல்வரை வந்தாள். உள்ளே பார்த்தாள். அப்படியே திரும்பி வராந்தாவுக்குப் போய்விட்டாள். சலூன்காரர் பின்னாலேயே ஓடினார்.

"ஒரு வார்த்தை வராதுன்னு சொன்னீங்களே," என்றாள். முகம் வெளிறியிருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பெருமையை என் நாற்காலியில உக்காந்து சொல்லுவாங்க. பையன் டாக்டருக்குப் படிக்கிறான், பொண்ணு பாட்டுல பரிசு வாங்கினாள்னு. இத்தனை வருஷமா நான் கேட்டுட்டே இருந்தேன். எனக்கும் சொல்ல ஒண்ணு கிடைச்சுது. வாயில நிக்கலம்மா."

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"வேணும்னா எல்லாரையும் டீக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நீ எப்பவும் வர்றவங்ககிட்ட மட்டும் பேசு."

அவள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேண்டாம். வந்தவங்களை எழுப்பி அனுப்பக் கூடாது. நீங்க மட்டும் என் கண்ணுல படாம உக்காருங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும், இல்லாட்டி அழுகை வரும்."

ஆகவே கூட்டத்தைக் கூட்டியவருக்கே இடமில்லாமல் போயிற்று. உயரமான புத்தக அலமாரிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து, முன்னால் கட்டியிருந்த திரையில் பாதிதான் தெரிந்தது. மனைவி தெரியவே இல்லை.

பல் டாக்டர் தன் கிளினிக்கிலிருந்து பேனா மாதிரி ஒரு கேமரா கொண்டுவந்திருந்தார். "இதுவரைக்கும் சொத்தைப் பல்லைத் தவிர வேற ஒண்ணும் பாக்காத கேமரா. இன்னைக்குத்தான் இதுக்கு விமோசனம்," என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மனைவியின் குரல் கேட்டது. முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. அலமாரிக்குப் பின்னால் அவர் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது குப்பை இல்லை. ஒரு அந்துப்பூச்சியோட பிள்ளை. இதுக்கு உடம்பு மெலிசு, அதனால சட்டை தச்சுப் போட்டுக்குது. நான் தையல்காரி. எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் சொல்றேன்."

கேமரா கிண்ணத்துக்குள் குனிந்தது. திரை முழுக்கக் கூடு. நடுவில் முடி, அதற்கு இரண்டு பக்கமும் சிவப்பு, பிறகு நீலம், இரண்டு ஓரத்திலும் மஞ்சள். அறையில் 'ஆ' என்று ஒரு சத்தம் எழுந்தது.

"நாங்க சட்டையைக் கீழ மட்டும்தான் நீட்டுவோம். இது ரெண்டு பக்கமும் நீட்டுது. ஏன்னா ரெண்டு பக்கமும் வாசல். நடுவுல இருக்கிறதுதான் சின்ன வயசுச் சட்டை. அதை அவுத்துப் போடாம, வளர வளரச் சேத்துக்கிட்டே போகுது."

சொல்லி வைத்த மாதிரி புழு ஒரு முனையில் தலை நீட்டியது. உள்ளே போயிற்று. கூடு அசையாமல் இருந்தது, பிறகு மறுமுனையில் அதே தலை எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மனைவியின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. கடையில் புதுப் பெண்ணுக்கு வேலை சொல்லும்போது வருமே, அந்தக் குரல் வந்துவிட்டது. அடுத்து, நூல் எதுவும் சேராமல் சலூன் சுவரிலிருந்து எடுத்தபடியே இருந்த கூட்டைக் காட்டினாள்.

"அட, அந்த வெள்ளை முடி என்னோடது!" என்றார் லாரி டிரைவர்.

"எனக்கு அதுல பங்கே இல்லையா?" என்றார் மேனேஜர், தலையைத் தடவிக்கொண்டே.

"மீசை இருக்கே சார்," என்று மனைவி சொன்னாள். கூரை பறக்கச் சிரித்தார்கள். அவளா இப்படிப் பேசுகிறாள் என்று சலூன்காரருக்கு நம்பவே முடியவில்லை. எழுந்து எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

கேள்விகள் வந்தன. துணியைக் கடிக்குமா என்று ஒரு அம்மா கேட்டார். "கம்பளி கிடைச்சா கடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்தவரைக்கும் ஒட்டடைதான் இதுக்குச் சாப்பாடு." குழுவின் பழைய உறுப்பினரான அறிவியல் டீச்சர் எழுந்து, உள்ளே இருக்கும் புழுவுக்கு வெளியே சட்டை எவ்வளவு நீளம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.



"தெரியல டீச்சர். நானும் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"எனக்கும் தெரியாது," என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போமா?"

முடிந்ததும் கைதட்டல் அலமாரியைத் தாண்டி வந்தது. சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவியைச் சுற்றி ஒரே கூட்டம். பல் டாக்டர் கையில் டீயோடு, மற்ற ஊர்க் குழுக்களெல்லாம் கூடும் நாளில் இதையே அவள் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையாட்டினாள். அதுவரை பார்த்திராத ஒரு பெண் இவர் பக்கம் திரும்பி, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்," என்றார். அவர் வாழ்க்கையில் அந்தச் சொல்லை அவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து சலூனில் ஒழுங்காக முடி வெட்ட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் அண்ணாந்து சுவரைத் தேடினார்கள். "தலையை ஆட்டாதீங்க, காது போயிடும்," என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. லாரி டிரைவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, தன் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒன்று இருக்கிறது, அது முழுக்க வெறும் சுண்ணாம்புத் தூள் என்று ரகசியம் மாதிரிச் சொன்னார்.

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றார் சலூன்காரர். "அடுத்த மாசக் கூட்டத்துக்கு வாங்க. எங்க வீட்டம்மாகிட்ட நேராச் சொல்லுங்க. முதல்ல செய்திதான் கேப்பாங்க."