படத்துலதான் இருக்கு

சவப்பெட்டியின் வெள்ளை வாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டிருந்தாள் ஐலா. குழிக்கு எதிர்ப்பக்கம் வார் பிடித்திருந்த சித்தப்பா ஒன்னி, உதடு அசையாமல் கேட்டார்.

"சொல்லிட்டுப் போனாரா?"

"முதல்ல இறக்கி முடிப்போம் சித்தப்பா."

வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்தில், ஹில்லா என்ற காட்டுப் பழம் விளையும் சதுப்பு எங்கே என்று கட்டிய மனைவிக்கும் சொல்லமாட்டார்கள். ஐலாவின் அப்பா வில்யோ, நில அளவைக்காரர். கலைமான் மூத்திரம் பெய்த குட்டையைக்கூட விடாமல் அரசாங்க வரைபடத்தில் ஏற்றியவர். ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் மகளின் வாளியை இரவல் வாங்கிக்கொண்டு போவார். தேன் நிறப் பழம் தளும்பத் திரும்புவார். இடத்தை மட்டும் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசி நாள் காலையில், கரண்டியால் காபி ஊட்டிக்கொண்டே கேட்டாள். அவர் சுவரில் தொங்கிய, தான் அளந்து வரைந்த வரைபடத்தைக் கண்ணால் காட்டினார்.

"படத்துலதான் இருக்கு."

"படத்துல இருக்குற சதுப்பு பூரா முழங்கால் தேய அலைஞ்சாச்சுப்பா. ஊருக்கெல்லாம் வழி காட்டின மனுஷன், பெத்த மகளை நம்ப மாட்டீங்களா?"

அவர் சிரித்தபடியே கண்ணை மூடினார். அவள் எறிந்த கரண்டி படத்தில் பட்டு விழுந்த சத்தத்தை அவர் கேட்டாரா என்று அவளுக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து ஊரே வீட்டில் காபிக்குக் கூடியது. அவரிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்களும் வந்திருந்தார்கள். கேக்கைத் தின்றதைவிட அவள் முகத்தைத் தின்றதே அதிகம். அத்தனை பேரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போலிருந்தது.

மீன்பிடிக்கிற பாவோ வரைபடத்தின் முன்னால் நின்று, நகக்கண்ணளவு நீலம் ஒன்றை விரலால் குத்தினார்.

"செத்தவனைத் திட்டக் கூடாது, ஐலா. ஆனா உங்கப்பன் என்னைக் கொன்னிருப்பான். படகைத் தோள்ல சுமந்துக்கிட்டு இந்த ஏரிக்குப் போனேன். கொசு ஒவ்வொண்ணும் கோழி கணக்கா. போய்ப் பார்த்தா ஏரியே இல்ல, இடுப்பளவு சேறு. வெளிய சொன்னா சிரிப்பானுங்கன்னு இத்தனை வருஷம் வாயத் திறக்கல."

"அந்தச் சேத்துல என்ன முளைச்சிருந்துச்சு மாமா?"

"எவன் பார்த்தான்? திட்டிக்கிட்டே திரும்பிட்டேன்."

ஒன்னியின் காது இந்தப் பக்கம் திரும்பியது. ஐலா குரலை உயர்த்தினாள்.

"எங்கப்பா கணக்குல தப்பு வராது. நீங்கதான் வழி தவறி எங்கயோ போய் விழுந்திருப்பீங்க."

"குடிச்சுட்டுப் போயிருப்பான்," என்று சிரித்து, ஒன்னி இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு, படத்தில் காய்ந்திருந்த காபிக் கறையை ஈரத்துணியால் துடைத்தாள். "சதுப்புக்கு நீலம் பூசி ஏரின்னு போட்ட படுபாவி," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

வாசலில் அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குப் பக்கத்தில் வாளி இருந்தது. கழுத்திலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, நடக்கும்போது சத்தம் போடாதபடி வாளியின் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றினாள்.