யான்பியன் பேச்சு

விடியுமுன் உப்புத் தொட்டியில் கைவிட்டாக வேண்டும். ஊறிய கோஸைத் தூக்கும்போது உப்புத்தண்ணீர் கையுறைக்குள் புகுந்து வெடிப்புகளில் எரியும். அதன்பிறகுதான் தென்கொரியாவின் அன்சானில் இருக்கும் அந்தக் கிம்ச்சி ஊறுகாய் ஆலையில் ஆளைப் பிரிப்பார்கள். சியோல்காரர்போலப் பேசினால் பொட்டலம் கட்டும் மேசை. சீனத்து யான்பியனிலிருந்து வந்த கொரியர்களைப்போல இழுத்துப் பேசினால் முள்ளங்கி சீவும் இயந்திரம்.

நான் மேசைக்காரி. யான்பியனில் பிறந்தவள்தான். தொலைக்காட்சித் தொடர் பார்த்து நாக்கைத் திருத்தி, இந்த நாட்டுக் காங்வோன் மலைப்பக்கம் என்று புளுகி நுழைந்தேன். என்னைப்போல யான்பியனிலிருந்து வந்த போங்சுன் அக்காவுக்கு மட்டும் அது தெரியும். அவள் தன் பேச்சை மாற்றவே இல்லை. வியட்நாம்காரி துவெட்டோடு இயந்திரத்தடியில் நின்றாள்.

நேற்றுக் காலை அக்கா சொன்னாள்: "முதலாளி, பிளேடு மூடி கழண்டு கெடக்கு. கைய இழுத்துரும். நிறுத்தச் சொல்லுங்க."

முதலாளி கூ அவளைப்போலவே இழுத்துப் பேசிக் காட்டினார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். மதியத்துக்குள் அக்காவின் இரண்டு விரல்கள் போயின.

மாலையில் எங்களை நிற்க வைத்தார். "அவ நிறுத்தச் சொன்னாளாம். அந்தப் பேச்சு மனுசனுக்குப் புரியுமா? கும்னியோ, நீ நம்ம நாட்டுப் பொண்ணு. உனக்குப் புரிஞ்சுதா?"

"புரியல, முதலாளி."

"அப்ப அவ கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் செலவை அவளே பாத்துக்கட்டும்."

தாய்ப்பாலோடு குடித்த பேச்சைப் புரியவில்லை என்றேன், பாவி.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்ட கையோடு அக்கா என்னை அருகில் இழுத்தாள். "பயப்படாதளா. ஒன் ஊரு எதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல." என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இன்று விடியலில் மூடி அப்படியே கிடந்தது.

"துவெட், மெஷின போடு" என்றார் கூ.

"போட மாட்டா. அக்கா சொன்னது எனக்கு நல்லாவே வெளங்கிச்சு, முதலாளி. நானும் யான்பியன்காரிதான்." எத்தனையோ வருடம் கழித்து என் நாக்கு தன் வழிக்கு வந்தது.

கூவின் முகம் கறுத்தது. "ஓ, நீயும் அந்தக் கூட்டமா? கையுறையக் கழட்டி வச்சிட்டு வெளியே போ."

கழற்றினேன். அப்போது துவெட் வாய் திறந்தாள். "எனக்கே வெளங்கிச்சே, முதலாளி. அக்கா மூணு வாட்டில்லா சொன்னாவ."

அச்சு அசல் யான்பியன் இழுவை. அக்காவின் பக்கத்தில் நின்று கற்ற கொரியம் அது. அவளும் கையுறையைக் கழற்றினாள். மேசையிலிருந்து ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, கழற்றிப் போட்டார்கள்.

கூ யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். என்ன ஆகுமோ தெரியாது. ஆலை வாசலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் நடுவில் உட்கார எனக்குக் கூசியது.

துவெட் நகர்ந்து இடம் விட்டாள். "இங்கன உக்காருக்கா."